கார் ஷெட்டில் செயின் பிளாக் பொருத்துதல்: கொக்கிக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி இறக்க வேண்டியவர், ஜெனரேட்டரை அடிக்கடி வண்டியில் ஏற்றி இறக்குபவர், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரை நினைத்து மோட்டார் பம்ப்பையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் மழைக்கு முன்பே உயரத்தில் ஏற்றிவைக்க நினைப்பவர் என, வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு செயின் பிளாக் (கைச்சங்கிலியை இழுத்துக் கனமான பொருளைத் தூக்கும் கருவி) தொங்கினால் வசதியாக இருக்குமே என்று எண்ணுபவர்கள் பலர். பாரிமுனைக்குப் போய்ச் செம்புதாஸ் தெருவிலும் லிங்கி செட்டி தெருவிலும் கொஞ்ச நேரம் அலைந்தால் அரை டன் செயின் பிளாக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்த பிறகுதான், இதை எதில் மாட்டுவது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தரமான செயின் பிளாக் தன் அளவுக்குள் அறுந்து விழுவது அரிது. அது தொங்கும் இடம்தான் பிய்ந்து வருகிறது.

இங்கே தரப்படும் கணக்குகள் விஷயம் புரிவதற்காக மட்டுமே. உங்கள் வீட்டுக்கான இரும்பு பீமின் அளவையும், அது உட்காரும் சுவரோ தூணோ தாங்குமா என்பதையும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவருடைய வேலை இரும்போடு முடிந்துவிடுகிறது; சுவரின் பலம் அவருடைய கணக்கில் வராது.

எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது

முதல் வேலை, தூக்கப்போகும் பொருள்கள் அனைத்தையும் ஒரு தாளில் எடையோடு எழுதுவது. குத்துமதிப்பு போதாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். ஜெனரேட்டர், பம்ப் போன்றவற்றின் எடை பெரும்பாலும் அவற்றின் பெயர்ப் பலகையிலோ கையேட்டிலோ இருக்கும். இல்லையென்றால் பக்கத்துப் பழைய இரும்புக்கடையின் தராசில் ஏற்றிப் பார்த்துவிடலாம். பட்டியலில் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதோடு செயின் பிளாக்கின் சொந்த எடை, தூக்குப் பெல்ட், கட்டும் சட்டம் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

அதற்கு மேல் அதிர்வு இருக்கிறது. சங்கிலியை வெடுக்கென்று இழுக்கும்போதும், இறங்கும் சுமை சட்டென்று நிற்கும்போதும், கூரை உணரும் எடை தராசு காட்டியதைவிட அதிகம். கட்டடங்களின் மீது வரும் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, இந்த அதிர்வுக்காகக் கையால் இயக்கும் கிரேன்களுக்கு 10 சதவீதமும் மின் கிரேன்களுக்கு 25 சதவீதமும் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது.

செயின் பிளாக்குக்குப் பதிலாக ஒரு கப்பியையும் கயிற்றையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் கிணற்று ராட்டினத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். குடமும் தண்ணீரும் 20 கிலோ என்றால், இழுப்பவரும் கயிற்றை 20 கிலோ விசையோடு கீழே இழுக்கிறார். ராட்டினம் தொங்கும் கட்டையோ இரண்டையும் சேர்த்து 40 கிலோவைத் தாங்குகிறது. அதே கணக்கில், 100 கிலோ எஞ்சினைச் சாதாரணக் கப்பியில் மேலிருந்து கீழாக இழுத்துத் தூக்கினால் கூரைக் கொக்கியின் மேல் 200 கிலோவுக்குக் குறையாமல் விழும். செயின் பிளாக்கில் பல்சக்கரங்கள் இருப்பதால் கைச்சங்கிலியை இழுக்கும் விசை சுமையில் சிறு பங்குதான்; ஆகவே கூரை மேல் வருவது சுமை, கருவியின் எடை, அந்தச் சிறு இழுவை ஆகிய மூன்றும் மட்டுமே. செயின் பிளாக்கையே வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

இப்போது எடை போகும் பாதையை வரைந்து பாருங்கள். பொருள், பெல்ட், கீழ்க் கொக்கி, சங்கிலி, மேல் கொக்கி, அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், பீம், பீமின் இரு முனைகள், சுவர் அல்லது தூண், அஸ்திவாரம், மண். இந்த வரிசையில் எந்த இடத்தில் “இது தாங்கும் என்று நினைக்கிறேன்” என்று எழுத நேர்கிறதோ, அந்த இடத்தில் வேலையை நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

உங்கள் கூரை எந்த வகை

சென்னையில் கார் நிற்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி கட்டப்பட்டவை அல்ல. தனி வீடுகளில் வாசலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் போர்டிகோ பெரும்பாலும் கான்டிலீவர் தளம். அதாவது ஒரு பக்கம் மட்டுமே வீட்டோடு பிடிப்பு, மறு பக்கம் அந்தரத்தில். அதன் முக்கியமான கம்பிகள் தளத்தின் மேல்பக்கத்தில் ஓடுகின்றன. நுனியை நோக்கிப் போகப் போக ஒவ்வொரு கிலோவும் வீட்டோடு சேரும் வேர்ப்பகுதியை அதிகமாக வளைக்கிறது. இப்படிப்பட்ட போர்டிகோவில் எதையும் தொங்கவிடக் கூடாது. இதற்கு விதிவிலக்குத் தேட வேண்டாம்.

தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகையில், ஷீட்டைத் தாங்கும் பைப் சட்டம் (டிரஸ்), ஷீட்டின் எடையையும் காற்றையும் மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நடுவில் 200 கிலோ தொங்கினால் பைப் மடங்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் இன்னும் நிற்கும் பழைய வீடுகளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை உண்டு. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கிய கூரை அது. உத்திரம் பார்வைக்குப் பெரிதாக இருப்பதால் ஆசை வரும். ஆனால் அந்த மரத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கின்றன. ஈரமும் கரையானும் முதலில் தின்பது கண்ணுக்குத் தெரியாத அந்த முனையைத்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் (தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தளத்தில்) காரை நிறுத்தும் இடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்தாலும், தலைக்கு மேலிருக்கும் தளமும் பீமும் தூணும் எல்லோருக்கும் பொதுவானவை. மேலே ஒருவரின் படுக்கையறை இருக்கிறது. சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே ஒரு துளையும் போடக் கூடாது. புதிய பெரிய கட்டடங்கள் சிலவற்றில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை டிரில் பிட் தொட்டால் அங்கே தேங்கியிருக்கும் விசை வெளியேறும் வேகம் ஆளையே கொல்லக்கூடியது. அத்தகைய இடங்களில் கூரையை மறந்துவிட்டு, நான்கு கால்களில் தரையில் நிற்கும் நகரும் கேன்ட்ரியை வாங்குவதே முறை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

மிஞ்சுவது, சொந்த வீட்டில் சுவர்களின் மேலோ தூண்களின் மேலோ நிற்கும் ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) கூரை போட்ட கார் ஷெட். இனி வரும் செய்முறை அதற்கானது. அதிலும் கூரையின் உடல்நிலையை முதலில் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் துருக்கறை, கம்பி ஓடும் வழியிலேயே நீளமான விரிசல், பூச்சு உப்பியிருத்தல் ஆகியவை உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்பதன் அடையாளங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போலக் கடற்காற்று நேரே வீசும் பகுதிகளில் உப்பின் காரணமாக இது சீக்கிரமே வருகிறது. சிறு சுத்தியலால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்துப் பொத்தென்று கேட்டால் அங்கே கான்கிரீட் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கூரையைச் சரிசெய்த பிறகே அதன் கீழே வேறு வேலை.

தவிர்க்க வேண்டிய மூன்று கொக்கிகள்

முதலாவது, ஃபேன் கொக்கி. சில கிலோ எடையுள்ள மின்விசிறிக்காகத் தளத்தில் புதைத்த வளைந்த கம்பி அது. யாரும் அதில் புல்லட்டைத் தொங்கவிட மாட்டார்கள் என்று நினைப்பீர்கள், நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக, வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்குள்ளேயே கொக்கி நேராக நிமிர்ந்துவிட்டது.

இரண்டாவது, ஊஞ்சல் கொக்கி. இதன் மேல் நம் ஊரில் பலருக்கு நம்பிக்கை அதிகம், “மூணு பேர் உட்கார்ந்து ஆடுறோமே” என்பார்கள். ஊஞ்சல் பலகை நான்கு சங்கிலிகளில் தொங்குகிறது. மூவரின் எடை நான்கு கொக்கிகளுக்குப் பிரிகிறது. அதே மூவரின் எடையைச் செயின் பிளாக் ஒரே கொக்கிக்குத் தருகிறது. அந்தக் கொக்கி பீமுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, உள்ளே கம்பியைச் சுற்றி வளைத்திருக்கிறதா, பல வருட ஆட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் கான்கிரீட் போட்ட அன்று கூட இருந்த கொத்தனாருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவதுதான் உண்மையில் விவாதத்துக்குரியது: தளத்தின் அடியில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடித்து, அதில் வளையம் மாட்டுவது. நம் வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் 4 முதல் 5 அங்குல கனம் உள்ளவை. மேலே எடை இருக்கும்போது தளத்தின் அடிப்பகுதி இழுபடுகிறது. இழுபடும் கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருப்பது இயல்பு. அந்த இடத்தில்தான் நாம் விரிந்து பிடிக்கும் போல்ட்டை நுழைக்கிறோம். விரிசல் சற்று அகன்றால் போல்ட்டின் பிடி தளர்கிறது. பிடி தளராவிட்டாலும், அளவுக்கு மீறி இழுத்தால் போல்ட் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கூம்பு வடிவில் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தக் கூம்பின் அளவைத் தீர்மானிப்பது போல்ட்டின் ஆழம். மேல் பூச்சைக் கழித்து, கம்பிகளைத் தவிர்த்து, மெல்லிய தளத்தில் கிடைக்கும் ஆழமோ கொஞ்சம்தான்.

ஆங்கருக்குப் பதில் கெமிக்கல் போட்டு ஒட்டினால் பிரச்சினை தீரும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சாலைச் சுரங்கத்தின் கூரையில் எபாக்ஸி என்ற பசையால் ஒட்டிய போல்ட்டுகளில் தொங்கிய கான்கிரீட் பலகைகள் ஒரு கார் மேல் விழுந்து, அதில் சென்ற பெண் ஒருவர் இறந்தார். அங்கே பயன்படுத்திய வேகமாக இறுகும் எபாக்ஸி, விடாமல் இழுக்கும் எடையின் கீழ் மெல்ல மெல்ல நகர்ந்து வழுகும் தன்மையுடையது என்று விசாரணை கண்டறிந்தது. முறையான தயாரிப்பும் துளையைச் சுத்தம் செய்யும் ஒழுங்கும் சோதனையும் இருந்தால் கெமிக்கல் ஆங்கர் நல்ல பொருள்தான். ஆயினும் தலைக்கு மேல், நேர் இழுவையில், ஒரே போல்ட்டை நம்பி, புதியவர் ஒருவர் தானே செய்யும் வேலைக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து.

ஐ-பீம்: நான் பரிந்துரைக்கும் வழி

கூரையைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஓர் இரும்பு ஐ-பீமை (வெட்டுமுகம் ஆங்கில I எழுத்துப் போன்ற உத்திரத்தை) போட்டுவிட்டால், எடை கூரைக்கே போகாது. சுவர் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும். பழைய பட்டறைகளில் இன்றும் இதைத்தான் பார்க்கிறோம்.

சுவர்களுக்கு நடுவே இடைவெளி 3 மீட்டர், சுமை 500 கிலோ, சுமை நடுவில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பீமை வளைக்கும் திருப்புவிசை, எடையை இடைவெளியால் பெருக்கி நான்கால் வகுத்தால் கிடைக்கும்: 375 கிலோகிராம்-மீட்டர். மீட்டருக்கு 15 கிலோ அளவில் எடையுள்ள 150 மி.மீ. உயர ஐ-பீம் இந்தச் சுமையில் நடுவில் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே தொய்யும். எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800, கையால் இயக்கும் கிரேனின் பீம் தன் நீளத்தில் 500-ல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்கிறது. 3 மீட்டருக்கு அது 6 மி.மீ. இடைவெளி 4 மீட்டர் ஆனால் அந்தத் திருப்புவிசை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால் அது இரண்டேகால் மடங்குக்கும் மேலாகிவிடும். பக்கத்து வீட்டில் போட்ட அளவையே நமக்கும் போடலாம் என்று சொல்லக்கூடாததற்கு இதுவே காரணம்.

சுவரைப் பற்றி இன்னும் கவனம் தேவை. 9 அங்குலச் செங்கல் சுவர், முனைக்கு அடியில் கான்கிரீட் பெட் பிளாக் போட்டு எடையைப் பரப்பிவிட்டால், இப்படிப்பட்ட சுமையைப் பொதுவாகத் தாங்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் தாங்காது. தூண்களுக்கு நடுவே ஹாலோ பிளாக்கோ எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கோ வைத்து அடைத்த சுவரையும் நம்பக் கூடாது. அங்கே பீமின் முனைகள் ஆர்.சி.சி. தூணில் உட்கார வேண்டும், அல்லது சுவரோரம் இரும்புத் தூண்களை நிறுத்தி அவற்றின் மேல் பீமை ஏற்ற வேண்டும். பீமில் உருளும் டிராலி வைத்துப் பிளாக்கைப் பக்கவாட்டில் ஓட்ட நினைத்தால், டிராலி ஒரு முனைக்கு வரும்போது ஏறத்தாழ முழு எடையும் அந்த ஒரு சுவருக்கே போகும். புதியவர்கள் டிராலி இல்லாமல் நடுவில் ஒரே நிலையான இடத்தில் பிளாக்கை மாட்டிக்கொண்டு, வண்டியை அதன் கீழே தள்ளிக் கொண்டுவருவதே நல்லது.

உயரத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். பீமின் உயரம், அதற்கு மேல் விடும் இடைவெளி, கிளாம்ப், செயின் பிளாக்கின் மேல் கொக்கிக்கும் முழுதாகச் சுற்றிய கீழ்க் கொக்கிக்கும் இடையே உள்ள தூரம், பெல்ட்டின் நீளம் எல்லாம் சேர்ந்து சுமார் 1 மீட்டரைத் தின்றுவிடும். 10 அடிக் கூரையில் மிஞ்சுவது ஆறரை அடிக்கும் சற்று அதிகம். 8 அடி ஸ்டில்ட்டில் வண்டியின் டயரை எழுப்பவே திணற வேண்டியிருக்கும். வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

பீமை ஏற்றும் முறை

இன்ஜினியர் அளவு சொன்ன பிறகு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து இரு சுவர்களிலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த இடங்களில் மின் ஒயரோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பார்த்து, அந்தப் பகுதியின் மெயினை அணைத்துவிட்டு, கொத்தனாரைக் கொண்டு சுவரில் பொந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துப் பொந்தைச் சற்று ஆழமாக எடுத்தால்தான் பீமை முதலில் அதற்குள் நுழைத்து, பின் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்து உட்காரவைக்க முடியும். பெட் பிளாக்கை வார்த்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டி, அதன் மேல் இரும்புத் தட்டை மட்டமாகப் பதிக்க வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே பீமை ஏற்றுவது இந்த வேலையில் சகஜமாக நடக்கும் தவறு.

3 மீட்டர் இடைவெளிக்குப் பீம் முனைகளோடு சேர்த்து 50 கிலோ வரும். இதை ஏணியில் நின்று தோளில் தூக்கி வைக்க முயலாதீர்கள். இரு பக்கமும் சாரம் கட்டி, இரண்டிரண்டு பேராக, படிப்படியாக ஏற்ற வேண்டும். தலைக்கவசமும் கையுறையும் எல்லோருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேடுபள்ளம் இருந்தால் இரும்புத் தகடுகளால் சரிசெய்யுங்கள், மரச் சில்லுகள் வேண்டாம். பிறகு, முனை பக்கவாட்டில் சாயாதபடி தட்டோடு போல்ட் போட்டு இறுக்கி, பொந்தைச் சுருங்காத கிரவுட்டால் (இறுகும் சிமெண்ட் கலவையால்) அடைக்க வேண்டும். பீமின் மேல்பக்கத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஓரிரு அங்குலம் காலியாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்கினால் உறுதி கூடும் என்று சில மேஸ்திரிகள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மாடியின் எடை பீமுக்கும் பீமின் எடை தளத்துக்கும் மாறி மாறிப் போய், நாம் போட்ட கணக்கே குழம்பிவிடும்.

இரும்பைத் துரு நீக்கி, ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் அடித்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு மேல்பக்கம் தூரிகைக்கு எட்டாது. கடலோரத்தில் இருப்பவர்கள் எபாக்ஸி பெயிண்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

வாங்கும்போது

செயின் பிளாக்கின் உடம்பில் அதன் கொள்ளளவும் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருக்க வேண்டும். ஐ.எஸ். 3832 என்பது கையால் இயக்கும் செயின் பிளாக்குகளுக்கான இந்தியத் தரநிலை; அதன்படி செய்ததா, சோதனைச் சான்றிதழ் தருவார்களா என்று கேளுங்கள். இரு கொக்கிகளிலும் வாயை மூடும் தாழ்ப்பாள் சுருள்வில்லோடு வேலை செய்ய வேண்டும். உங்கள் பட்டியலில் பெரிய எடை 200 கிலோ என்றால் அரை டன் பிளாக் போதும். இரண்டு டன் வாங்கினால் பலம் கூடும் என்பது தவறான கணக்கு, அது கூரைப் பக்கம் நம்மை அலட்சியமாக்கும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

பிளாக்கை பீமில் மாட்டுவதற்கு, கொள்ளளவு பொறித்த திருகு வகை பீம் கிளாம்ப் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். வீடு கட்டி மிஞ்சிய முறுக்குக் கம்பியை வளைத்து பீமில் வெல்டிங் செய்து கொக்கியாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கம்பி வெல்டிங் சூட்டில் தன் உறுதியை இழக்கும், அது எங்கே விரிசல் விடும் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. கிளாம்ப்பின் நடு திருகை இறுக்கிய பின், இரு தாடைகளும் பீமின் கீழ் விளிம்பை ஒரே அளவு கவ்வியிருக்கின்றனவா என்று இரு பக்கமும் போய்ப் பாருங்கள்.

தூக்குவதற்குத் தட்டையான பாலியெஸ்டர் பெல்ட்டுகள் நல்லவை. அவற்றின் கொள்ளளவு ஒற்றைக் கால் செங்குத்தாகத் தொங்கும்போது தாங்கும் அளவு. இரு கால்களாகப் பிரித்துக் கட்டும்போது கோணம் முக்கியம். 200 கிலோ சுமையில், ஒவ்வொரு காலும் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் காலுக்கு 115 கிலோ, 45 பாகை என்றால் 141 கிலோ, 60 பாகை என்றால் முழு 200 கிலோ. பெல்ட்டை அகலமாக விரித்துக் கட்டினால் பாதுகாப்பு என்று கண்ணுக்குத் தோன்றும். கணக்கு அதற்கு நேர் எதிர்.

மின் ஹாய்ஸ்ட் வாங்குபவர்களுக்கு

இணையத்தில் விற்கும் சிறிய மின் ஹாய்ஸ்ட்டுகளில் (மோட்டாரால் தூக்கும் கருவிகளில்) 200/400 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். கம்பிவடம் ஒற்றையாகத் தொங்கினால் 200 கிலோ; கூடவே வரும் கப்பியைப் போட்டு இரட்டையாக்கினால் 400 கிலோ. பெரிய எண்ணை மட்டும் பார்த்து ஒற்றை வடத்தில் தூக்குவது மோட்டாருக்கும் வடத்துக்கும் கேடு. இவை விட்டுவிட்டு ஓட்டுவதற்கானவை. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓடலாம் என்பது போன்ற குறிப்பு பலகையில் இருக்கும், அதை மீறினால் மோட்டார் சூடாகிப் புகையும். வடம் சுற்றும் டிரம்மில் எப்போதும் குறைந்தது மூன்று சுற்று வடம் மிச்சமிருக்க வேண்டும். மேல் எல்லையில் தானே நிற்கும் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சுமை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனி எம்.சி.பி. (அதிக மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் ஸ்விட்ச்), மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முறையான எர்த் ஆகியவை கட்டாயம். பிளக் பாயிண்ட்டை உங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய உயரத்துக்கும் மேலே வையுங்கள். அபூர்வமாகப் பயன்படுத்தும் வீட்டுக்குக் கைச்சங்கிலியே போதும் என்பேன். கரண்ட் போனாலும் அது இறங்கும்.

முதல் சோதனை

பெட் பிளாக் வார்த்து 28 நாள் ஆன பிறகு சோதனைக்கு வாருங்கள். தூக்கப்போகும் மிகப் பெரிய எடையைப் போல ஒன்றேகால் பங்கை, பிளாக்கின் கொள்ளளவுக்குள், தூக்கிப் பார்க்க வேண்டும். பெரிய எடை 240 கிலோ என்றால் 300 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் ஆறு கச்சிதமாக வரும். உறுதியான பலகைத் தட்டில் அடுக்கி, நான்கு மூலையிலும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். பலகையின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுமை ஏற்றும் முன், பீமின் இரு முனைகளுக்கும் நடுவே கீழ் விளிம்பை ஒட்டி ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பின் தரையிலிருந்து 10 செ.மீ. மட்டும் தூக்கி, எல்லோரும் விலகி நின்று, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மீண்டும் அளந்தால் இன்ஜினியர் சொன்ன தொய்வுதான் இருக்க வேண்டும். சுமையை இறக்கியதும் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, முனைகளின் கீழே பூச்சில் புதிய கீறல் தெரிந்தாலோ, சுமை தானே மெல்லக் கீழிறங்கியிருந்தாலோ, அன்றோடு பயன்பாட்டை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். இந்த அரை மணி நேரத்தில் தேநீர் குடிக்கப் போய்விடாமல் ஒருவர் பார்வையிலேயே இருக்கட்டும், குழந்தைகளும் தெருநாய்களும் உள்ளே வராமல் கதவை அடைத்துவிடுங்கள்.

அன்றாடப் பயன்பாடு

கொக்கி சுமையின் நடுவுக்கு நேர் மேலே வரும்படி வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். வேண்டுமானால் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சாய்வாக இழுத்தால் சுமை தரையை விட்டு எழும்பிய நொடியில் ஊஞ்சல் போல வீசி, அருகில் நிற்பவரின் முழங்காலை உடைக்கும். சங்கிலியை இழுக்கும்போது பிளாக்குக்குள்ளிருந்து டக் டக் என்று சீரான ஓசை வரும். பிரேக்கின் பல் விழும் ஓசை அது. தூக்கும்போது அந்த ஓசை வராவிட்டால் தொடராதீர்கள். ஒருவரால் இழுக்க முடியாத சுமையை இரண்டு பேர் சேர்ந்து இழுக்கக் கூடாது, ஏனெனில் ஒருவரின் பலமே அந்தக் கருவிக்கான எச்சரிக்கை மணி.

தொங்கும் சுமையின் கீழே யாரும் படுக்கவோ கை நீட்டவோ கூடாது. எஞ்சினுக்கு அடியில் வேலை இருந்தால், முதலில் அதை ஸ்டாண்டிலோ கட்டையிலோ இறக்கி உட்காரவையுங்கள். வெள்ளத்துக்காகத் தூக்குபவர்களுக்கும் இதுவே பொருந்தும். பேட்டரியையோ பம்ப்பையோ நாள்கணக்கில் செயின் பிளாக்கில் தொங்கவிடாமல், தூக்கியதும் பக்கத்தில் தயாராக வைத்த இரும்பு ரேக்கின் மேல் அமர்த்திவிட வேண்டும். ஆட்களை இதில் ஏற்றக் கூடாது, பல்பு மாற்றுவதற்காக ஒரு நிமிடம் என்றாலும்.

பராமரிப்பு

சுமைச் சங்கிலிக்கு மெல்லிய எண்ணெய் தடவலாம், தடவ வேண்டும். சென்னைக் காற்றில் தடவாத சங்கிலி ஓராண்டிலேயே சிவக்கும். ஆனால் பிளாக்கின் பிரேக் தட்டுகள் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய்க் குப்பியை உடம்பின் துளைகளுக்குள் சாய்த்தால், உராய்வினால் சுமையைப் பிடித்துநிறுத்தும் பிரேக் வழுக்கத் தொடங்கும். இதை நல்லெண்ணத்தோடு செய்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் பட்டறைகளிலேயே உண்டு.

புதிதாக வாங்கிய அன்றே கொக்கியின் வாய் அகலத்தை அளந்து, அந்த எண்ணை சுவரிலேயே பெயிண்ட்டால் எழுதிவைப்பது நல்ல வழக்கம். அடுத்த முறை அளக்கும்போது வாய் விரிந்திருந்தால் அந்தக் கொக்கி ஒருமுறை அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறது என்று பொருள். அதைச் சூடாக்கி அடித்து மூடாமல் மாற்ற வேண்டும். சங்கிலியின் கண்ணி நீண்டிருத்தல், ஒன்றோடொன்று உரசும் இடத்தில் தேய்ந்திருத்தல், முறுக்கு விழுந்திருத்தல் ஆகியவற்றையும் விரலால் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29-ஆம் பிரிவில், தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. வீட்டுக் கார் ஷெட்டை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் அந்தக் கால அளவை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு நம் ஊரில் பொருத்தமான மாதம் செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பீமின் முனைகளையும் கிளாம்ப்பையும் சங்கிலியையும் பார்த்துவிட்டு, ஏற்ற வேண்டியவற்றை ரேக்கில் ஏற்றியதும், பிளாக்கைக் கழற்றித் துடைத்துச் சாக்கில் சுற்றி மாடியில் வைத்துவிடுங்கள். ஜனவரியில் திரும்ப மாட்டும்போது, 10 செ.மீ. தூக்கி நிறுத்திப் பார்க்கும் சோதனையைச் சிறு சுமையோடு மறுபடியும் ஒருமுறை செய்த பிறகே வண்டியை அதன் கீழே தள்ளிக்கொண்டு வாருங்கள்.